சின்னது மட்டும் போகிறது

டி, மறுபடியும் டி, அதற்குக் கீழேயும் டி. திரையின் ஓரத்தில் வரிசை கட்டி நின்ற அந்த ஒற்றை ஆங்கில எழுத்தைப் பார்க்கப் பார்க்க அறிவுடைநம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணினிக்குள் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அதன் நிலைமையைச் சொல்ல ஓர் எழுத்து இருக்கும். ஓடுகிறது என்றால் ஒன்று, தூங்குகிறது என்றால் ஒன்று. தூங்குவதைத் தட்டி எழுப்பலாம், அடம்பிடிப்பதைக் கொன்றுபோடலாம். இந்த டி மட்டும் எதற்கும் மசியாது. யாரிடமோ எதையோ கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட ஜன்மம் அது. ஒன்பதே முக்காலுக்கு நாற்பத்தொன்று இருந்தன. இப்போது மணி பத்து ஐந்து, அறுபத்து மூன்று. கொல்லும் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு கேள்விமுறை இல்லாமல் கொல்லும் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தார். அறுபத்து நான்கு ஆயிற்று. தஞ்சாவூரில் இந்தத் தனியார் மருத்துவமனையின் கணினிகளைப் பத்தொன்பது வருஷமாகக் கட்டி மேய்க்கிறவர், இவ்வளவு நாள் தாக்குப்பிடித்த ஆள் இந்த ஊரிலேயே கிடையாது என்று தனக்குத்தானே அவ்வப்போது சொல்லிக்கொள்கிறவர், ஓர் எழுத்தின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அறிவுடைநம்பி அப்பா வைத்த பேர். மூத்த பெண்ணுக்குக் குஞ்சிதம் என்று சாமி பேர் வைத்த மனுஷன், பதின்மூன்று வருஷம் கழித்துப் பையன் பிறந்தபோது தமிழ்ப் பற்று தலைக்கேறி இப்படி வைத்துவிட்டார். மருத்துவமனையில் எல்லாருக்கும் அவர் நம்பி சார்தான். பேரின் முன்பாதியை இத்தனை வருஷத்தில் யாரும் சொன்னதில்லை. இன்றைக்கு யாராவது சொன்னால் அடிக்கத்தான் போவார்.

விஷயம் என்னவோ எளிமையானதுதான், அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. இங்கே எடுக்கிற ஸ்கேன் படங்கள் எல்லாம் கடைசியில் போய்ச் சேர்வது பக்கத்து அறையில் குளிரூட்டிக்குக் கீழே உறுமிக்கொண்டிருக்கும் சேமிப்புப் பெட்டியில். டாக்டர் தன் மேஜையில் ஒரு பேரைத் தட்டினால் படம் காட்டும் சர்வர் அந்தப் பெட்டியைக் கேட்கும், பெட்டி எடுத்துக் கொடுக்கும், நடுவில் ஒயர். இன்றைக்கு இது கேட்கிறது, அது கொடுக்கவில்லை. பெட்டி படுத்துவிட்டதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. இருக்கிறாயா என்று குரல் கொடுத்தால் கண் சிமிட்டுவதற்குள் இருக்கிறேன் என்கிறது. நோயாளியின் பேரும் வயதும் எழுதிய துண்டுக் கோப்பைக் கேட்டால் திறக்கிறது. படத்தைக் கேட்டால்தான் மூச்சே விடுவதில்லை, கேட்டவனும் அங்கேயே உறைந்துபோகிறான். காலையிலிருந்து அவர் திறந்து திறந்து பார்ப்பது ஒரே ஒரு படத்தை. கட்டடத்தில் லட்சக்கணக்கில் படங்கள் இருக்க, விரல் தானாக அந்த எண்ணைத்தான் அடிக்கிறது. குஞ்சிதம், பெண், வயது ஐம்பத்தொன்பது, இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாசம். வேறு எண்ணை அடித்தாலும் இதே கதிதான், அது அவருக்கும் தெரியும். ஆனால் வேறு எண் திறந்து என்ன ஆகப்போகிறது.

காலையில் எட்டரைக்கு அக்காவுக்கு ஊசி போட்டுப் புதுப் படம் எடுத்தாகிவிட்டது. அதை ஸ்கேன் இயந்திரத்தின் திரையிலேயே பார்த்த டாக்டர் தங்கதுரை, நம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, பேனா முனையால் ஈரலில் ஓர் இடத்தைத் தொட்டார். மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு. “இது பழைய படத்துலயும் இருந்துச்சுன்னா கவலையே வேண்டாம் நம்பி. சில பேருக்கு இப்படி இருக்கும், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகும். அதுல இல்லேன்னா புதுசு. புதுசுன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். பழசக் கொண்டாங்க, பக்கத்துல வச்சுப் பாத்துச் சொல்லிடறேன்.” அதோடு விட்டாரா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “போன தடவ நீங்க கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டீங்கன்னு நான் வாய மூடிக்கிட்டேன். இந்தத் தடவ மாட்டேன். புதுசா இருந்தா நீங்க சொல்லுங்க, இல்ல நான் சொல்றேன்.” போன தடவை. கர்ப்பப்பையை எடுத்தபோது, வெறும் நீர்க்கட்டி அக்கா, எடுத்துப் போட்டாச்சு, இனிமே ஒண்ணுமில்ல என்று நம்பி சொன்னார். புற்று என்ற சொல்லை வீட்டில் யாருமே வாயில் எடுக்கக்கூடாது என்று மனைவிக்கு, மகளுக்கு, கும்பகோணத்தில் அக்கா குடியிருக்கும் வீட்டுக்காரம்மா வரைக்கும் உத்தரவு போட்டார். அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காததை அவர் தன் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டார். எந்த வீட்டில்தான் சொல்கிறார்கள், சொல்லி அவர்கள் உட்கார்ந்து அழுவதைப் பார்ப்பதா, எல்லாரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன் என்று இரண்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேஜையில் கிடந்த போன் அதிர்ந்தது. அக்காதான். கீழே ஸ்கேன் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், மடியில் அந்தப் பச்சை நிறப் பிளாஸ்டிக் கூடை. “ஏண்டா நம்பி, என்ன ஆச்சு? இங்க வர்றவன் போறவன் எல்லாம் உம்பேரச் சொல்லித்தான் திட்டறான். எனக்கு ஒரே பெருமையா இருக்கு.” அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “ஒரு சின்னக் கோளாறுக்கா, சரியாயிடும். நீ சாப்ட்டியா?” “ஊசி போட்டு வெளில வந்ததும் நீதானடா சாப்ட்டியான்னு கேட்டுட்டு இட்லி வாங்கிக் குடுத்தே.” “ஆமால்ல. சரிக்கா, வச்சிடறேன்.” வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். அறுபத்தெட்டு. இந்தப் பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டியா, மழை உண்டா, பஸ்ஸில் இடம் கிடைத்ததா, முட்டி வலி எப்படி இருக்கு, எல்லாம் தடங்கல் இல்லாமல் போய்விடும். பதிலும் வந்துவிடும்.

எரிச்சலில் ஒரு காரியம் செய்தார். காரியம் என்றுகூடச் சொல்ல முடியாது, விரல்களின் பழக்கம். எங்கே எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று கேட்கும் இரண்டெழுத்துக் கட்டளை ஒன்று உண்டு. எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் ஊரிலிருந்து வந்தவனை மழை பெய்ததா என்று விசாரிப்பதுபோல அதை அடிப்பது அவர் வழக்கம். அடித்த பிறகுதான் தோன்றியது. இடம் எவ்வளவு என்று அது எல்லாப் பெட்டிகளையும் கேட்கும், இந்தப் பெட்டியையும் கேட்கும், அதற்கும் அங்கே வரிசையில் ஏற்கெனவே முட்டிக்கொண்டு நிற்கிறவர்களின் கதிதான். கேட்டது. திரையில் கட்டளை அடித்த ஜன்னல் உறைந்தது. நிறுத்து என்று அடித்தார், நிற்கவில்லை. மூடு என்றார், மூடவில்லை. ஆறாவது ஜன்னலும் போயிற்று. ஒவ்வொன்றையும் இப்படித்தான் தொலைத்திருந்தார். நோயைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் நோயாளியாகிப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டால் ஒரு மனுஷன் என்னதான் செய்வது. ஏழாவது ஜன்னலைத் திறந்து, கையை இரண்டு தொடைக்கும் அடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தார். நாற்பத்தெட்டு வயது ஆள் பள்ளிக்கூடத்துப் பையன்போல உட்கார்ந்திருக்கிறோமே என்று தோன்றியது. தோன்றட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பினால் என்ன? செய்தாயிற்று, ஒன்பதரைக்கே செய்தாயிற்று. படம் காட்டும் சர்வரை அணைக்கச் சொன்னால், உள்ளே இத்தனை பேர் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள், அவர்கள் எழுந்திருக்காமல் நான் எப்படி அணைவேன் என்று அதுவும் அவர்களோடு உட்கார்ந்துகொண்டது. கடைசியில் பொத்தானை அமுக்கிப் பிடித்து மூச்சை நிறுத்தி, திரும்ப உயிர் கொடுத்தால், எழுந்ததும் முதல் வேலையாக அது மறுபடி போய் அந்தப் பெட்டியின் முன்னால் வரிசையில் நின்றது. இந்தப் பிடிவாதத்தைச் சொல்லிக்கொடுத்தவர் யார்? அவர்தான். பெட்டியை முதலில் இணைத்த நாளில் இரண்டு வழி இருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுப் பார், பதில் இல்லையென்றால் கைவிட்டுவிட்டுத் திரும்பி வா என்பது ஒன்று. எத்தனை காலம் ஆனாலும் கேட்டுக்கொண்டே இரு என்பது இன்னொன்று. கைவிடுகிற வழியில் பாதி எழுதிய படம் பாதியிலேயே நின்றுபோகும், யாருக்கும் தெரியாது, ஒரு நாள் யாரோ ஒருவரின் பாதி நுரையீரலைப் பார்த்து டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால் காத்திரு என்று எழுதி வைத்தார். அது சரியான முடிவுதான், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவார். ஆனால் காத்திருக்கிறவன் எப்படி இருப்பான் என்று அப்போது அவர் யோசிக்கவில்லை. பெட்டி விற்ற கம்பெனிக்குப் போன் போட்டதற்கு ஒரு பெண் இனிமையான குரலில் புகாரைப் பதிவு செய்துகொண்டதாகவும் லைனில் இருக்கும்படியும் சொல்லி ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போனாள். பாட்டு மூன்றாம் முறையாக முதலிலிருந்து ஆரம்பித்தபோது போனைக் கவிழ்த்து வைத்தார்.

லைன்ல இருங்க. அக்காவின் வார்த்தை அது. முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் ஆபீசில் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் அவரை வளர்த்தாள். காதில் மாட்டிய கருவியோடு, பலகை முழுக்கத் துளைகளும் கையில் கயிறுமாக, மாயவரத்துக்காரனைப் பம்பாய்க்காரனோடு கோத்துவிடுவாள். வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டே சொல்வாள், முதல் வார்த்தையிலேயே தெரிஞ்சிடும்டா என்று. பரீட்சையில் பாஸானவன் ஹலோகூடச் சொல்லமாட்டான், எடுத்ததும் கத்துவான். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால் உடம்பு சௌக்கியமா என்று ஆரம்பிப்பார்கள். சாவுச் சேதி சொல்கிறவன் மட்டும் சாப்ட்டீங்களா என்பான். “ஒருத்தன் தவறாம அப்படித்தாண்டா கேப்பான். சாப்பிட்டிருந்தா சொல்லலாம், இல்லேன்னா சாப்பிடட்டும்னு நெனைப்பான் போல. அந்த வார்த்தை காதுல விழுந்ததுமே நான் லைன விட்டு வெளில வந்துடுவேன்.” அம்மா போன அன்றைக்கு அக்காவும் அதையேதான் கேட்டாள். அவர் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து வாசலில், ஆபீஸ் புடவையோடு, மூச்சிரைக்க நின்று, சாப்ட்டியாடா என்றாள். பாதி சாப்பிட்டேன், எலுமிச்சங்காய் சாதம் என்றார் அவர். மீதியையும் சாப்பிட்டுட்டு வா, நான் இங்கயே நிக்கறேன் என்றாள். நின்றாள். அந்த டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்கும், அலுமினிய மூடி, திறக்கும்போது ஒரு பக்கம் நெளியும், இந்த மூடி நினைவு எதற்கு இப்போது? மணி பத்து நாற்பது. போனை எடுத்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று அக்காவுக்கு ஒரு செய்தி தட்டினார். லேட் ஆகும் போல, கேன்டீன்ல ஏதாவது சாப்பிட்டியா. உடனே போய்ச் சேர்ந்தது. படித்துவிட்டாள் என்று நீலக் கோடு காட்டியது. பதில் வரவில்லை.

ஸ்கேன் அறையிலிருந்து பெலிக்ஸ் கூப்பிட்டான். படம் எடுக்கிற டெக்னீஷியன்களில் மூத்தவன், நல்ல வேலைக்காரன், நல்ல வாய்க்காரன். “சார், பதினோரு பேர் பழைய படத்துக்காக உக்காந்திருக்காங்க. டாக்டர் மூணு தடவ எட்டிப் பாத்துட்டார். நான் என்ன சொல்லட்டும்?” “ஒண்ணும் சொல்லாத.” “அப்ப எப்ப வரும்னாவது…” “பெலிக்ஸ், எனக்குத் தெரிஞ்சா உனக்குச் சொல்லமாட்டேனா? செவ்வாயும் புதனும் லீவு, திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்தது. நடுவுல எமர்ஜென்சிக்கு எடுத்ததெல்லாம் நீங்க மெஷின்லயே பாத்துக்கிட்டீங்க, எனக்கு யாரும் சொல்லல. இன்னிக்குக் காலைல வந்து திறந்தா இப்படி இருக்கு. நான் என்ன மந்திரவாதியா?” கத்திவிட்டோம் என்று போனை வைத்த பிறகு தெரிந்தது. கத்தினாலும் எண்பத்திரண்டு எண்பத்திரண்டுதான். அதற்குள் மறுபடி அதிர்ந்தது. அக்கா. எடுக்காமல் இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு ஓடிற்று, அந்த நினைப்புக்காகவே உடனே எடுத்தார்.

“எந்த மாதிரிக் கோளாறுடா அது?” என்றாள் எடுத்ததுமே. அவளுக்கு இதிலெல்லாம் ஓர் ஆர்வம் உண்டு, ரிட்டயர் ஆகியும் போகவில்லை. “சின்னது போகுதுக்கா, பெருசு போகமாட்டேங்குது. கூப்ட்டா பதில் சொல்லுது. விஷயம்னு கேட்டா வாயத் தொறக்கல.” “அப்ப லைன் இருக்கு.” “லைன் இருக்கு.” “பூஜை அன்னிக்கு யாராச்சும் கைய வச்சாங்களா? எங்க ஆபீஸ்ல ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள் பாதி ஊருக்கு ராங் நம்பர்தான் போகும். பலகையத் தொடச்சிச் சந்தனம் வைக்கறேன்னு எல்லாத்தையும் புடுங்கி, ஒண்ண எடுத்து ஒண்ணுல சொருகிடுவாளுங்க. மூணு நாள் ஆகும் கண்டுபுடிக்க.” அவருக்குச் சுர்ரென்று ஏறியது. “அக்கா, இது உங்க காலத்துக் கயிறு போர்டு இல்ல. ஒயர் தப்பா இருந்தா ஒண்ணுமே போகாது. ஒனக்குப் புரியாது, கொஞ்சம் சும்மா இரேன்.” “சரி” என்றாள். வெறும் சரி. கோபமில்லாத சரி, அதுதான் தாங்கவில்லை. இதை எப்படியாவது மெழுக வேண்டும் என்று அவசரமாக, “டீ கீ ஏதாவது சாப்ட்டியா?” என்றார். “ம்” என்று சொல்லி அவளே வைத்துவிட்டாள். நாக்கை இழுத்துவைத்து அறுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஒயரோடு குடும்பம் நடத்தியவளைப் பார்த்து ஒனக்குப் புரியாது என்று சொல்ல இவருக்கு என்ன யோக்கியதை. அதுவும் இன்றைக்கு. அதுவும் அந்த மிளகைப் பார்த்துவிட்டு வந்து.

ஒயர் தப்பாக இருந்தால் ஒன்றுமே போகாது என்று சொன்னோமே, அது உண்மையா? எழுந்து இரண்டு நடை நடந்தார், உட்கார்ந்தார். பெட்டியை இருக்கிறாயா என்று கூப்பிடுகிறோமே, அந்தக் கூப்பாடு எவ்வளவு பெரியது? விரற்கடை. காலையிலிருந்து நூறு தடவை விரற்கடை அளவுக் கேள்வி கேட்டு, விரற்கடைப் பதிலை வாங்கி, லைன் நன்றாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒயரில் எல்லாமே பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும். உலகத்துக்கெல்லாம் சின்னப் பொட்டலம் போதும். ஸ்கேன் படங்கள் கனமானவை என்று நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர்தான் ஆறு மடங்கு பெரிய பொட்டலமாகக் கட்டச் சொல்லிவைத்தார். ஒயர்கள் எல்லாம் வந்து சேருகிற இருபத்துநாலு துளைப் பெட்டியில், சர்வருக்கு இருபத்தொன்று, சேமிப்புப் பெட்டிக்கு இருபத்திரண்டு, அந்த இரண்டு துளைகளில் மட்டும் பெரிய பொட்டலத்துக்கு அனுமதி. மற்ற துளைகளில் பெரியது வந்தால் துளைப் பெட்டி சத்தம்போடாமல் கீழே தவறவிட்டுவிடும், தவறவிட்டேன் என்று யாருக்கும் சொல்லாது. நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கூப்பாட்டின் அளவைப் பெரிதாக்கி, இருக்கிறாயா என்று அடித்தார். பதில் இல்லை. சின்னதாக அடித்தார், இருக்கிறேன் என்றது. மறுபடி பெரிதாக. மௌனம். அட முட்டாளே, அட அறிவுடை முட்டாளே என்று வாய்விட்டே சொன்னார், அப்பா வைத்த பேரின் முன்பாதி கடைசியில் ஒரு வேலைக்கு உதவிற்று.

சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் குளிரோடு சேர்ந்து திங்கட்கிழமை பூஜையின் வாசனை வந்தது. வாடிய மாலை, கற்பூரம், ஒரு தட்டில் நமத்துப்போன பொரி. இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தது. துளைப் பெட்டிக்குத் தாராளமாகவே வைத்திருந்தது, ஏனென்றால் வைத்தவர் அவரே. பெலிக்ஸ் துணியோடு வந்தபோது, நீ கலைச்சிடுவே, தள்ளு, இது நான் பண்ற வேலை என்று துணியைப் பிடுங்கினார். வருஷத்துக்கு ஒரு நாள் தூசி தட்டுகிறோம், ஒழுங்காகத் தட்டுவோம் என்று ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, கீழ் வரிசையில் துளைகளுக்கு அடியில் அச்சடித்த எண்கள் மேலேயே கனமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, அழகாக இருக்கிறதென்று போனில் படமும் எடுத்தார். பிறகு எண் தெரியாமல் கண்ணளவாகச் சொருகினார். இப்போது குனிந்து, நகத்தால் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினார். பொருக்காக உதிர்ந்தது. இருபது. சேமிப்புப் பெட்டியின் ஒயர் இருபதில் இருந்தது. பக்கத்தில் இருபத்திரண்டு காலியாக, நெற்றியில் பொட்டோடு, வாயைத் திறந்துகொண்டு இருந்தது. ஒயரின் முனையில் அவருடைய கட்டைவிரல் ரேகை சந்தனத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. திருடனைப் பிடிக்கக்கூட இவ்வளவு தெளிவான சாட்சி கிடைக்காது. அக்கா கீழே பெஞ்சில் உட்கார்ந்தபடி சொன்னாள், மேலே இவர் ஒனக்குப் புரியாது என்றார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதைத்தான் அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. பிடுங்கி அங்கே சொருக ஒரு நொடி ஆகும். சொருகினால் படம் வரும். படம் வந்தால் அந்த மிளகு அதில் இருக்கும், அல்லது இருக்காது. காலையிலிருந்து இரண்டு மணி நேரமாக வரவில்லை வரவில்லை என்று கத்திய மனுஷன், வரவழைக்கும் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, குளிரில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. பிறகு சொருகினார். டிக் என்று பிடித்துக்கொண்டது. சின்னப் பச்சை விளக்கு மினுங்கிற்று.

திரும்பி வந்து பார்த்தபோது எண்பத்தொன்பது டிகளும் கரைந்துகொண்டிருந்தன. அறுபது, முப்பத்தேழு, ஒன்பது, ஒன்றுமில்லை. அவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஒன்றரை மணி நேரம் காத்திருந்ததற்கு ஒரு முணுமுணுப்பு இல்லாமல், கேட்டது கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தன. உறைந்துபோன ஆறு ஜன்னல்களும் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டு, அவர் எப்போதோ கேட்டு மறந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லின. கடைசி ஜன்னலில் படம் திறந்தது. குஞ்சிதம், பெண், ஐம்பத்தொன்பது. ஈரல் எந்த அடுக்கில் வரும் என்று பத்தொன்பது வருஷம் இங்கே இருந்தவருக்குத் தெரியும். ஒவ்வொரு அடுக்காகத் தள்ளினார். காலையில் பேனா முனை தொட்ட இடத்துக்கு வந்தார். சாம்பல் நிறத்தில் சமமாக, சுத்தமாக, ஒன்றுமே இல்லாமல் இருந்தது. ஒரு அடுக்கு முன்னால், ஒரு அடுக்கு பின்னால், மறுபடி முன்னால். நான் டாக்டரா, எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் தங்கதுரை கூப்பிட்டுவிட்டார். குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். “பாத்துட்டேன் நம்பி. பழசுல இல்ல. இது புதுசுதான். சின்னதா இருக்கும்போதே புடிச்சிருக்கோம், மருந்து இருக்கு, நம்பிக்கையா ஆரம்பிக்கலாம். ஆனா அவங்களுக்குத் தெரியாம அந்த மருந்தக் குடுக்க முடியாது, நான் குடுக்கவும் மாட்டேன். பத்து நிமிஷம் எடுத்துக்குங்க. அப்புறம் கூட்டிட்டு வாங்க.”

லிஃப்ட் வேண்டாம் என்று படியில் இறங்கினார், படியில் போனால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். எப்படி ஆரம்பிப்பது? அக்கா, அன்னிக்கு நான் சொன்னது நீர்க்கட்டி இல்ல. கூடாது, பொய்யிலிருந்து ஆரம்பிக்கக்கூடாது. அக்கா, டாக்டர் ஒண்ணு சொன்னார். கோழைத்தனம், டாக்டர் மேல் போடுவது. அக்கா, ஒனக்குக் கேன்சர் இருந்தது, இப்ப மறுபடி சின்னதா வந்திருக்கு, மருந்து இருக்கு, நான் இருக்கேன். நீளமாக இருக்கிறது, நடுவில் எங்காவது விழுந்துவிடும். துண்டு துண்டாக வெட்டிச் சொல்லலாமா? எதை முதலில்? முதல் மாடித் திருப்பத்தில் பெலிக்ஸ் எதிரே ஏறி வந்து, வந்துருச்சு சார், சூப்பர் சார் என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கிய கையைப் பார்த்தபோது நகக்கண்ணில் சந்தனம் இருந்தது. வேட்டி கட்டிய ஒருவர் நடுவில் வந்து, எக்ஸ்ரே எந்தப் பக்கம் என்று கேட்டார். நின்று நிதானமாக, நேராகப் போய் இடது பக்கம், தண்ணீர்க் குழாயைத் தாண்டி என்று தேவைக்கு மேலேயே வழி சொன்னார். அதற்கு மேல் வழி கேட்க யாரும் வரவில்லை. படி தீர்ந்துவிட்டது.

அக்கா அங்கேயேதான் இருந்தாள், அதே பெஞ்சின் ஓரத்தில், கூடையை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்து இடத்தில் வைத்துக்கொண்டு. அவர் வருவதைப் பார்த்ததும் கூடையை எடுத்துக் காலடியில் வைத்தாள். அவர் உட்கார்ந்தார். “கண்டுபுடிச்சிட்டியா?” என்றாள். “கண்டுபுடிச்சிட்டேன். நீ சொன்னதுதான்க்கா. பூஜைக்கு நான்தான் ஒயர மாத்திச் சொருகிட்டேன்.” “அதானே பாத்தேன்” என்று அவள் முகம் மலர்ந்தது, அறுபத்தொரு வயது முகம், ஒரு கணம் டெலிபோன் ஆபீஸ் புடவையில் பார்த்த முகம். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். படியில் அடுக்கிக் கொண்டுவந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் சரியாகத்தான் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தார், வந்தது வேறு.

“அக்கா… சாப்ட்டி…”

அக்கா தன் கையை எடுத்து அவர் கை மேல் வைத்தாள். சந்தனம் ஒட்டிய அந்தக் கட்டைவிரலை மெதுவாகத் தேய்த்துவிட்டாள்.

“காலைலேர்ந்து இது அஞ்சாவது வாட்டிடா நீ கேக்கறது” என்றாள். “ரெண்டாவது வாட்டிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்தத் தடவ நான் லைன விட்டுப் போகல. சாப்ட்டாச்சு, சொல்லு.”